கிரிவலப் பாதையும் இராக்காலப் பாத வலியும்

அண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வெறுங்காலோடு நடந்து, இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் ஈறாக எட்டுத் திக்கின் சந்நிதிகளையும் வணங்கி, விடியும் வேளையில் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறித் தத்தம் ஊர்களுக்குத் திரும்புகிறார்கள். இத்தனை பேருடைய விரதத்தையும் நேர்த்திக்கடனையும் ஓரிரவில் நிறைவேற்றிக் கொடுப்பது அவர்களுடைய பாதங்களே. ஆயினும் அந்தப் பாதம், வீடு திரும்பிய பின் நள்ளிரவில், எரிகிறது என்றும் குடைகிறது என்றும் கட்டைவிரலில் குத்துகிறது என்றும் முறையிடும்போது, நாம் அதற்கு அளிக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: நடந்த அலுப்பு, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படு என்கிறோம். நடக்காமலே வலிப்பவருக்கு வாயு என்கிறோம். முதியவருக்கு வயது என்கிறோம். வீட்டு வேலையில் நாளெல்லாம் நின்றுகொண்டிருக்கும் பெண்களுக்கோ அந்த ஆறுதலும் சொல்வதில்லை.

இந்தப் பழக்கம் மாறவேண்டும் என்பதே என் கருத்து. இரவில் வரும் பாத வலி பல நோய்களின் முதல் அறிவிப்பாக இருக்கக்கூடும். அவற்றுள் சில, உரிய காலத்தில் கவனித்தால் எளிதில் தீர்பவை. சில, கவனியாது விட்டால் விரலையும் பாதத்தையும் ஒருசேரப் பறித்துக்கொள்பவை. ஆகவே ஒருவர் கால் வலிக்கிறது என்று சொன்னால், எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்விதமாக வலிக்கிறது, காலைக் கீழே தொங்கவிட்டால் குறைகிறதா, எழுந்து நடந்தால் குறைகிறதா என்று கேட்டறிவதும், செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் திருப்பிக் கண்ணால் பார்ப்பதும் சிகிச்சையின் முதற்படியாக வேண்டும். பாதங்களால் பெயர் பெற்று, பாதங்களை நம்பியே பிழைக்கும் திருவண்ணாமலையில் அது ஊரின் பொதுக் கடமையாகவே ஆகவேண்டும்.

பகலெல்லாம் அடங்கியிருந்த வலி இரவில் தலையெடுப்பதற்குச் சரீர சாஸ்திரம் காட்டும் காரணங்கள் பல. பகலில் மனம் நூறு விஷயங்களில் சிதறிக் கிடக்கிறது. இரவில் விளக்கணைந்து வீடு அடங்கியபின் அதன் கவனத்திற்கு உடம்பைத் தவிர வேறு பொருள் இல்லை. நிற்கும்போதும் உட்காரும்போதும் பூமியின் ஈர்ப்பே ரத்தத்தைப் பாதம் வரை இறக்கிவிடுகிறது. படுத்தவுடன் அந்த உதவி நீங்கிவிடுவதால், குழாய் குறுகிப்போனவர்களுக்கு விரல் நுனியில் ரத்தம் போதாமல் போகிறது. இரவில் உடம்பின் உள்வெப்பமும் சற்றுத் தணிகிறது. வீக்கத்தை அடக்கிவைக்கும் கார்டிசால் என்னும் சுரப்பும் நள்ளிரவையொட்டியே உடலில் மிகக் குறைவாக இருக்கிறது. இந்தக் காரணங்களுள் எது எவரிடத்தில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து வலியின் குணம் மாறுகிறது. குணத்தை விவேகத்தோடு கவனிப்பவருக்கு நோய் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

சாதாரணமானவற்றை முதலில் சொல்லிவிடலாம். ஆண்டு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர் ஒருவர், ஒரே இரவில் 14 கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து படுத்தால், கெண்டைக்கால் சதை கல்லைப்போல் இறுகி அவரை அலற வைப்பதில் வியப்பில்லை. முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைத் தம் பக்கமாக இழுத்துப் பிடித்தால் அந்தப் பிடிப்பு சற்று நேரத்தில் விடும், இரண்டு மூன்று நாளில் அசதியும் போய்விடும். படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுரீர் என்று வலித்து, நாலு அடி நடந்தபின் தணியுமானால், உள்ளங்காலைத் தாங்கும் தசைநார் குதிகாலெலும்போடு சேரும் இடத்தில் நைந்திருக்கிறது என்று பொருள்; கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி மடக்கும் பயிற்சியும், மெத்தென்ற காலணியும் பெரும்பாலோர்க்குப் போதும். இடுப்பிலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கிக் கட்டைவிரல் வரை மின்னலாய்ப் பாயும் வலிக்குக் காரணம் காலில் இல்லை, முதுகெலும்பில் நசுங்கிய நரம்பில் இருக்கிறது.

கட்டைவிரலின் அடிமூட்டில் மட்டும் வரும் வலி தனியாக விசாரிக்கத்தக்கது. இரவில் நலமாகப் படுத்தவர், பின்னிரவில் கட்டைவிரல் தீயாய்க் காந்த விழித்துக்கொண்டு, போர்வையின் கனத்தைக்கூடத் தாங்கமாட்டாமல் தவிப்பதை, ஆங்கில வைத்தியர் தாமஸ் சிடன்ஹாம் 1683-ஆம் ஆண்டிலேயே தம் சொந்த அனுபவத்திலிருந்து வருணித்திருக்கிறார். அவர் நெடுங்காலம் அந்த நோயால் வருந்தியவர். ரத்தத்தில் மிகுந்துபோன யூரிக் அமிலம், உடம்பின் குளிர்ந்த பகுதியாகிய பாதத்தில், அதுவும் நீர்ச்சத்துக் குறைந்த இரவில், ஊசி ஊசியாகப் படிந்து மூட்டைத் தாக்குகிறது. மது, மாமிசம், சிலவகை மீன், சிறுநீரகக் கோளாறு, சிறுநீரைப் பெருக்கும் சில மாத்திரைகள் ஆகியவை அதற்குத் துணை நிற்கின்றன. வலி உச்சத்திலிருக்கும் நாளில் ரத்தத்தைச் சோதித்தால் யூரிக் அமிலத்தின் அளவு இயல்பாகவே காணப்படவும் கூடும் என்பதால், ஒரு சோதனை சரியாக இருந்ததைக் கொண்டு அந்த நோய் இல்லை என்று முடிவு செய்யலாகாது. இது நன்றாகக் கட்டுப்படுத்தக்கூடிய நோய். ஆனால் சுளுக்கு என்று எண்ணி உருவிவிடப் போனால் வேதனை பெருகுமே ஒழியக் குறையாது.

வலி என்று சொல்ல முடியாமல், காலுக்குள் எறும்பு ஊர்வது போன்றதொரு உபாதையால் மாலை மங்கியதும் காலை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்னும் தவிப்புக்கு ஆளாகி, எழுந்து நடந்தால் நிம்மதியும் படுத்தால் மீண்டும் அதே தொல்லையுமாக நித்திரையிழப்பவர்களும் உண்டு. ஸ்வீடன் தேசத்து எக்போம் என்பவர் 1945-இல் விரிவாக விவரித்த இந்த நிலைக்கு இரும்புச்சத்துக் குறைவு முக்கியமான காரணங்களுள் ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இது அதிகம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உடையவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு கணக்கிட்டிருக்கையில், இரவில் கால் குடைகிறது என்று ஒரு தாய் சொன்னால் தைலப் புட்டியைத் தேடுவதற்கு முன் அவருடைய ரத்தத்தைச் சோதிப்பதே நியாயம்.

இனிச் சொல்லப்போகும் இரண்டும் அபாயமானவை. முதலாவது ரத்தக்குழாய் அடைப்பு. ஆரம்பத்தில், குறிப்பிட்ட தூரம் நடந்ததும் ஆடுசதை வலித்து, நின்றால் தணிகிறது; பிறகு நடக்கும் தூரம் குறைந்துகொண்டே வந்து, முடிவில் படுத்திருக்கும்போதே விரல்களும் முன்பாதமும் வலிக்கத் தொடங்குகின்றன. நோயாளி காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிடுகிறார். வலி சற்றே அடங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கப் பழகிக்கொள்கிறார். பாதம் குளிர்ந்து, தோல் பளபளத்து, மயிர் உதிர்ந்து, தொங்கவிட்டால் சிவந்தும் தூக்கினால் வெளுத்தும் காணப்படும். சர்க்கரை நோயும் முதுமையும் இதற்குக் காரணமாவதோடு, புகையிலை தலையாய காரணமாக நிற்கிறது. இளம் வயதிலேயே புகைபிடிப்பவர்களின் கைகால் ரத்தக்குழாய்களை அடைத்து விரல்களைக் கருக்கும் நோயை லியோ பெர்கர் 1908-இல் விவரித்தார். பீடி புகைப்பவர் மிகுந்த நம் நாட்டில் அந்த நோய் வைத்தியர்களுக்கு நன்கு பழக்கமானது. பீடியை அறவே விடாதவருக்கு எந்த மருந்தும் அதில் முழுப் பலன் தருவதில்லை. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய பரீட்சை ஒன்றாலேயே இந்த அடைப்பைச் சந்தேகிக்க முடியும். கணுக்காலின் அளவு கையின் அளவில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே இறங்கினால் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

இரண்டாவது நரம்பின் கேடு. நம் உடம்பில் மிக நீண்ட நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை ஓடுவன. ஆதலால் நரம்புகளைப் பொதுவாகத் தாக்கும் எந்தக் கேடும் விரல் நுனியில்தான் முதலில் தெரிகிறது. இரு கால்களிலும் ஒரே மாதிரியாக எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, பஞ்சின்மீது நடப்பதுபோன்ற மயக்கம் ஆகியவை விரல்களில் தொடங்கி மெல்ல மேலேறுகின்றன. இரவில் போர்வை பட்டாலே எரிகிறது என்று காலைச் சிமெண்டுத் தரையில் வைத்துக்கொள்பவர்களையும், வாளித் தண்ணீரில் அமிழ்த்திக்கொள்பவர்களையும் நாம் எல்லோரும் அறிவோம்.

இந்தப் பாத எரிச்சலின் வைத்திய சரித்திரத்தில் ஒரு தமிழரின் பெயர் நிலைபெற்றிருக்கிறது. பர்மாவில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களிடம் இதைக் கண்டு 1826-இல் கிரியர்சன் என்பவர் எழுதி வைத்தார். அதன்பின் 120 ஆண்டுகள் கழித்து, 1946-இல், சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், சென்னை ராஜதானியின் ஏழை நோயாளிகளிடம் அதே உபாதையை ஆராய்ந்து, போஷாக்குக் குறைவே, சிறப்பாக பி வகை வைட்டமின்களின் குறைவே அதற்குக் காரணம் என்று எடுத்துக்காட்டினார். இருவர் பெயரையும் இணைத்து கிரியர்சன்–கோபாலன் நோய் என்றே உலக வைத்திய நூல்கள் அதை வழங்குகின்றன. அரிசியும் ரசமுமாக வயிற்றை நிரப்பிக்கொண்ட ஏழையின் பாத எரிச்சலை அலுப்பு என்று ஒதுக்காமல், அவன் தட்டில் இல்லாத பொருளைத் தேடிப் பார்த்த அந்தப் பார்வையே இன்றும் நமக்கு வேண்டியது. இப்போதும் பி12 வைட்டமின் குறைவு, பால் பொருள்களையும் அதிகம் சேர்க்காத சைவ உணவினரிடமும், சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோரிடமும் காணப்படுகிறது. காசநோய்க்கான ஐசோநியாசிட் மாத்திரையோடு பி6 வைட்டமினைச் சேர்த்துக் கொடுப்பதும் நரம்பைக் காப்பதற்கே. நெடுநாள் மது அருந்துவோரின் பாத எரிச்சலுக்கும் காரணம் பெரும்பாலும் இந்த வழியிலேயே அமைகிறது.

ஆனால் இந்தக் காலத்தில் நரம்புக் கேட்டுக்கு முதற்காரணம் நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேருக்கு மேல் அது உள்ளதாகவும் மதிப்பிட்டது. அந்த விகிதத்தைக் கிரிவலப் பாதைக்குப் பொருத்திப் பார்த்தால், ஒவ்வொரு பௌர்ணமியிலும் வெறுங்காலோடு நடப்பவர்களுள் எத்தனை ஆயிரம் பேர் நீரிழிவு உடையவர்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை. 1948-இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கிய மாநிலம் இது. அறிவு இங்கே குறைவாக இல்லை, அது பாதம் வரை இறங்காமல் இருப்பதே குறை. சர்க்கரையின் அளவை அறிய விரலைக் குத்தி ரத்தம் எடுக்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், சிறுநீரைப் பார்க்கிறோம். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்க மட்டும் நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

நீரிழிவில் பாத எரிச்சல் நெடுநாள் இருந்துவிட்டுத் தானாகவே குறையும்போது நோயாளி மகிழ்கிறார். ஏதோ ஒரு லேகியம் பலித்தது என்று எண்ணுகிறார். அந்த மகிழ்ச்சிதான் மிகப் பெரிய ஆபத்து. பல வேளைகளில் நரம்பு குணமாகி வலி நின்றிருப்பதில்லை. நரம்பு முற்றும் செயலிழந்ததால் வலி நின்றிருக்கிறது. அதன்பின் முள் தைத்தாலும், கண்ணாடிச் சில்லு கிழித்தாலும், தார்ச்சாலையின் வெயில் தோலைப் பொசுக்கினாலும் அவருக்குத் தெரிவதில்லை. மறுநாள் தரையில் ரத்தக்கறையைக் கண்ட பிறகே புண்ணைக் கண்டுபிடிக்கிறார். நீரிழிவால் கால் இழந்தவர்களுள் மிகப் பெரும்பாலோரின் கதை இப்படிப்பட்ட ஒரு சிறு புண்ணிலிருந்தே தொடங்குகிறது.

இந்த உண்மையை உலகிற்கு உணர்த்திய இடம் திருவண்ணாமலைக்கு வடக்கே இரண்டு மணிப் பயணத்தில் இருக்கும் வேலூர். 1989-இல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை திருவண்ணாமலையும் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட வடஆற்காட்டைச் சேர்ந்ததுதான். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த நாளில், அவர்களோடு பொறுமையாகப் பழகி, வலியை உணரும் சக்தி போய்விட்டதால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று கண்டார். காலையில் எழும்போது சிலருக்கு விரலின் ஒரு பகுதி காணாமற் போயிருந்ததற்குக் காரணம் தேடியபோது, இரவில் அவர்கள் தூங்குகையில் எலிகள் வந்து கடித்துத் தின்பது தெரியவந்தது. வலி இல்லாததால் அவர்கள் விழித்துக்கொள்ளவில்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்து அந்த ஆபத்தைத் தடுத்தார்கள். அவர் பின்னர் அமெரிக்காவிற்குச் சென்று பணியாற்றியபோது, அதே பாடம் நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்துவதை எடுத்துக்காட்டினார். வேலூரிலும் அதனருகிலுள்ள கரிகிரியிலும் உணர்ச்சியற்ற பாதங்களுக்கென்று உருவாகிய நுண்துளை ரப்பர்ச் செருப்பு, இன்று எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் நீரிழிவு நோயாளிகளுக்கும் பயன்படுகிறது.

பிராண்டின் வாழ்க்கையில் நடந்த ஓர் இரவையும் இங்கே சொல்லத் தகும். நெடும் பயணத்தின் முடிவில் லண்டன் விடுதியொன்றில் காலுறையைக் கழற்றியவர், தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டு, ஊசியால் குத்திப் பார்த்தும் வலி தெரியாமற்போகவே, தொழுநோய் தம்மையும் பற்றிவிட்டது என்று கருதி அந்த இரவு முழுவதும் கண்மூடாமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி ஊசியால் குத்தினார், வலித்தது. ரயிலில் அசையாது உட்கார்ந்ததில் நரம்பு தற்காலிகமாக நசுங்கியிருந்ததே காரணம். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். இரவில் கால் வலிக்கிறது என்று நொந்துகொள்பவர்கள், வலிக்கவேண்டிய கால் வலிக்காமற்போவது எவ்வளவு பெரிய துயரம் என்பதை அந்த வைத்தியரின் ஓர் இரவிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

இவற்றையெல்லாம் கேட்டபின் பக்தர் ஒருவர் மனத்தில் எழக்கூடிய நியாயமான கேள்வி உண்டு. மலையே சிவலிங்கம் என்று வணங்கும் க்ஷேத்திரத்தில், அதைச் சுற்றிய பாதையும் சந்நிதியன்றோ, அங்கே செருப்பணிந்து நடப்பது அபசாரமன்றோ என்பது அது. நலமுள்ள பாதத்தை உடையவர் வெறுங்காலோடு நடக்கும் நெறியை நான் மிகவும் மதிக்கிறேன், அது மாறவேண்டியதில்லை. ஆனால் உணர்ச்சியிழந்த பாதத்தை உடையவர் வைத்தியர் கூறும் ரப்பர்க் காலணியோடு நடப்பதற்குச் சைவ மரபில் இடமில்லை என்று ஒருவர் சொல்வாரானால், அவர் அந்த மரபின் சரித்திரங்களை மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அண்ணாமலையைப் பாடிய திருஞானசம்பந்தர், சிறு பிள்ளையாகத் தந்தையின் தோளையும் மறுத்து, திருநெல்வாயில் அரத்துறையை நோக்கி நடந்து, தளிர்ப்பாதம் நொந்து மாறன்பாடியில் இராத்தங்கியபோது, அந்த இரவிலேயே சிவபெருமான் அரத்துறையாரின் கனவில் தோன்றி, பிள்ளைக்கு முத்துச் சிவிகையும் குடையும் கொண்டுபோய்க் கொடுக்கும்படி பணித்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அடியாரின் கால் நோவைக் கண்ட இறைவன் இன்னும் நட என்று சொல்லவில்லை, ஏறிச் செல்ல வாகனம் அனுப்பினார். பாதம் தேய, கை தேய, மார்பும் தேயக் கயிலைக்கு ஊர்ந்த அப்பரை வழியிலேயே தடுத்து, திருவையாற்றில் காட்சி தந்தவரும் அவரே. காளத்தியில் செருப்பணிந்த காலால் தம் முடிமேலிருந்த பழைய மலரை அகற்றிய கண்ணப்பரை அன்பின் எல்லையாகக் கொண்டாடியவரும் அவரே. இம்மூன்று சரித்திரங்களையும் வாயாரச் சொல்லும் ஜனங்கள், நீரிழிவால் மரத்துப்போன பாதத்தில் காலணி அணிந்து வரும் ஒரு மூதாட்டியை முகம் சுளித்துப் பார்ப்பது பக்திக்குப் பொருந்தாது. கோயிலுக்குள் நுழையும்போது கழற்றிவைத்துக் கொள்ளலாம். மலையைச் சுற்றிய பாதையில் அவர் பாதம் பிழைக்கட்டும். நிறைமாதக் கர்ப்பிணியான அரசியைப்போல் மெல்ல நடந்து இம்மலையை வலம் வரவேண்டும் என்று வழங்கும் மரபும், அவசரத்தையும் போட்டியையும் விலக்கி, உட்கார்ந்து இளைப்பாறி நடப்பதையே நமக்குக் கற்பிக்கிறது.

தனி மனிதர் செய்யவேண்டியவை எளியவை. நீரிழிவு உடையவர் ஒவ்வொரு நாளும் படுக்கப்போகுமுன் விளக்கடியில் உட்கார்ந்து, விரலிடுக்குகளையும், ஒரு கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்காலையும் பார்த்துவிட வேண்டும். கண் மங்கியவருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். கால் ஆணியை பிளேடால் சீவுவதும், மருந்துக்கடைப் பட்டைகளை ஒட்டுவதும், வீங்கிய விரலில் இறுகிய மெட்டியைக் கழற்றாமல் விடுவதும் புண்ணுக்கு வாசல் திறப்பவை. நடந்து வந்த அலுப்புக்கு உப்பிட்ட வெந்நீரில் காலை வைப்பதும் தவிட்டு ஒத்தடம் கொடுப்பதும் நம் வீடுகளில் நெடுநாள் வழக்கமாயினும், மரத்துப்போன காலுக்கு அவை கொப்புளத்தைத்தான் தரும். வெந்நீரின் சூட்டை வேறொருவர் கையால் பார்த்த பிறகே அதில் கால் வைக்கலாம். ஒரு கால் மட்டும் குளிர்ந்து வெளுத்தோ நீலித்தோ போனாலும், விரல் கருத்தாலும், தொங்கவிட்டால்தான் வலி தணிந்தாலும், பாதம் சிவந்து வீங்கிச் சுட்டாலும், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும், முதுகு வலியோடு கால் பலமிழந்து சிறுநீர் தடைப்பட்டாலும், மறு பௌர்ணமிவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அரசும் கோயில் நிர்வாகமும் மாநகராட்சியும் செய்யவேண்டியவையும் பெருஞ்செலவுள்ளவை அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் மாத்திரை கொடுக்க வீடு வீடாகச் செல்கிறார்கள்; நீரிழிவு நோயாளிகளின் பாதத்தைச் சோதிப்பதற்கென்றே ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டத்தையும் அரசு வகுத்திருக்கிறது. பௌர்ணமிக் காலங்களில் கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம்களும் நடைபெறுகின்றன. இம்மூன்றையும் ஒன்றாக இணைக்கும் ஏற்பாடு ஒன்றே வேண்டப்படுவது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கவும், அதிர்வை அறிய இசைக்கவையைக் கட்டைவிரலில் வைக்கவும், நாடியைத் தொட்டுப் பார்க்கவும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியருக்குச் சில நிமிஷங்கள் போதும். முகாம்தோறும் அத்தகைய ஒருவரையும், ஒரு பெஞ்சையும், குளுக்கோமீட்டரையும் வைத்து, ஐயத்திற்குரிய பாதம் கண்டால் ஒரு சீட்டு எழுதிக்கொடுத்து, உள்ளூராரைத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், வெளியூராரை அவரவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் அனுப்பலாம். பாதையில் உடைந்த கண்ணாடியையும் ஆணிகளையும் பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் பெருக்குவதையும், வெயிலில் நடப்போருக்காகத் தண்ணீர் தெளித்து நார்விரிப்பு இடுவதையும் மாநகராட்சி மேற்கொள்ளலாம். வழிநெடுக நீரும் சோறும் வழங்கும் தர்மவான்களில் சிலர், மரத்த பாதமுடைய ஏழைகளுக்கு எம்.சி.ஆர். செருப்பு வழங்கினால் அது அன்னதானத்திற்குக் குறைந்த புண்ணியமாகாது.

வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கால் எரிகிறது என்று வருபவருக்கு நரம்பு மாத்திரை என்று ஒன்றைப் பொதுவாக எழுதிக் கொடுத்து அனுப்புவது, காரணத்தைத் தேடும் கடமையைக் கைவிடுவதாகும். சர்க்கரையா, பி12 குறைவா, தைராய்டா, சிறுநீரகமா, மதுவா, உட்கொள்ளும் வேறு மருந்தா, ரத்த ஓட்டமா என்று பகுத்தறிய வேண்டும். எரிச்சலைத் தணிக்கும் மருந்துகள் இன்று உண்டு, ஆனால் அவை காரணத்தைக் கண்டறிந்த பின் துணையாக வரவேண்டியவை. கோபாலன் தம் நோயாளிகளின் தட்டைப் பார்த்தார். பிராண்ட் தம் நோயாளிகள் உறங்கும் இரவையே ஆராய்ந்தார். அவர்கள் காலத்தில் இல்லாத கருவிகள் நமக்கு இருக்கின்றன. அவர்களிடமிருந்த பொறுமையைத்தான் நாம் மீண்டும் பெறவேண்டும்.

இரவில் வலிக்கும் பாதத்தை விசாரிப்பது ஆன்மிகத்திற்குப் புறம்பான காரியம் என்று எவரும் எண்ண வேண்டாம். இறைவனை வலம் வரும் காலைக் காப்பதும் வழிபாட்டின் அங்கமே. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வலம் வருவதற்கு அந்தக் கால்தான் வேண்டும். வரும் கார்த்திகைத் தீபத்திற்குள், கிரிவலப் பாதையின் எட்டு லிங்கச் சந்நிதிகளில் நான்கின் அருகிலாவது பாதப் பரிசோதனை நடத்துவதற்கு மாவட்ட நிர்வாகமும் அறநிலையத் துறையும் மருத்துவக் கல்லூரியும் கூடி முடிவெடுக்க வேண்டும். மேற்கொண்டு சட்டமோ பெருந்தொகையோ தேவைப்படாத காரியம் இது. மனம் வைத்தால் அடுத்த பௌர்ணமியிலேயே தொடங்கிவிடலாம்.